மருந்து தெளிக்குமுன் கொல்லையைக் காண்க

தமது நிலத்தின் நான்கெல்லையையும் சர்வே எண்ணையும் பாசன முறையையும் அறியாத நிலச் சொந்தக்காரர் ஒருவரும் இரார். ஆயினும், அந்நிலத்திலேயே இரவும் பகலும் குடியிருக்கும் சிற்றுயிர்களுள் எவை பயிரைத் தின்பன, எவை பயிரைத் தின்பவற்றைத் தின்பன என்று வினவினால், தடையின்றி விடையளிக்கக் கூடியவர் மிகச் சிலரே ஆவர். செடியில் ஊர்வதெல்லாம் பூச்சி, பூச்சியெல்லாம் பகை, பகைக்கெல்லாம் மருந்து என்பதே பெரும்பாலும் வழக்கமாக இருந்துவருகிறது. மருந்துக் கடைக்குச் செல்பவர் பூச்சியின் பெயரைக்கூடச் சொல்லாமல், கத்தரிக்கு ஏதேனும் கொடுங்கள் என்று கேட்டு வாங்கிவருவதும் எங்கும் காணக்கூடியதே.

இவ்வழக்கத்தினால் கைப்பணம் செலவாவதும், தெளிப்பவர் உடலுக்குத் தீங்கு நேர்வதும் யாவரும் அறிந்தவை. அவற்றினும் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. அது கண்ணுக்குத் தெரியாதாகையால் கணக்கில் ஏறுவதில்லை. பயிரைக் காத்து நின்ற உயிர்கள் முதலில் மடிந்துபோக, பயிரை அழிக்கும் உயிர்கள் பின்பு தடையின்றிப் பெருகுகின்றன என்பதே அந்நஷ்டம். ஆகையால், கொல்லையிலுள்ள சிற்றுயிர்களைப் பார்த்து அறிதல் வெறும் பொழுதுபோக்கன்று. உழவும் எருவும் போலச் சாகுபடி வேலைகளுள் ஒன்றாகவே அதனைக் கொள்ளவேண்டும். இதனை வற்புறுத்துவதே இக்கட்டுரையின் நோக்கம்.

அவரைப் பந்தலில் காண்பன

மார்கழி, தை மாதங்களில் அவரைப் பந்தலின் இளந்தளிரிலும் பூங்கொத்திலும் கறுப்பு அசுவிணி அப்பியிருப்பதைக் காணாதவர் இல்லை. அசுவிணி கழிக்கும் இனிப்பு நீரை உண்ணும் பொருட்டு எறும்புகள் அங்கு வந்து கூடும். அவை அசுவிணியைப் பகைவர் அணுகாதபடி காத்தும் நிற்கும். இனிப்பு நீர் படிந்த இலைகளில் கரும்பூசணம் படரும். இவ்வளவையும் கண்ட மாத்திரத்தில் தெளிப்பானைத் தேடுவதே பலர் இயல்பு. சற்றுப் பொறுத்து, அக்கொத்தைக் கையிற் பிடித்துக் கூர்ந்து நோக்கினால் வேறு சிலவும் புலப்படும்.

முதலாவது, பொறிவண்டு. மஞ்சளும் சிவப்பும் கலந்த பளபளப்பான முதுகில் கறுப்புக் கோடுகளோ புள்ளிகளோ உடைய இவ்வண்டைச் சிறுவர்களும் அறிவர். ஆனால் இதன் புழுவைப் பெரியோரும் அறியார். முதலைக்குட்டி போன்ற வடிவும், ஆறு கால்களும், கருமேனியில் வெளிறிய புள்ளிகளும் உடைய அப்புழு, பார்வைக்கு அச்சம் தருவதால், பயிருக்கு வந்த புதிய நோய் என்று கருதப்பட்டு நசுக்கப்படுகிறது. உண்மையில் தாய் வண்டைப் போலவே அப்புழுவும் அசுவிணியை ஓயாது தின்பது.

இரண்டாவது, அசுவிணிக் கூட்டத்தின் நடுவே காலில்லாமல் நத்தை போல் நெளியும் ஒரு புழு. தேனீயைப் போன்ற கோடுகளுடன் மலருக்கு மேல் அந்தரத்தில் அசையாது நின்று பறக்கும் ஈயின் குஞ்சு அது. அதுவும் அசுவிணியை உறிஞ்சி உண்பதே. மூன்றாவது, மயிரிழை போன்ற காம்பின் நுனியில் நிற்கும் கடுகினும் சிறிய முட்டைகள். கண்ணாடி போன்ற இறக்கைகளையுடைய ஒரு பச்சைப் பூச்சி அவற்றை இடுகிறது. அம்முட்டையினின்று வரும் புழு, அரிவாள் போன்ற தாடைகளால் அசுவிணியைப் பற்றிச் சாற்றை உறிஞ்சும்.

நான்காவது, அசுவிணிகளுள்ளேயே சில உடல் உப்பி, வைக்கோல் நிறமாகி, அசைவற்று ஒட்டிக் கிடக்கும். அவற்றின் முதுகில் ஊசியாற் குத்தியது போன்ற வட்டத்துளை காணப்பட்டால், உள்ளே வளர்ந்த சிறுகுளவி வெளிப்பட்டுவிட்டது என்று அறியலாம். இத்தகைய உப்பிய கூடுகள் பந்தலில் மிகுதியாகத் தென்படுமாயின், அங்குத் தெளிக்கப்படும் மருந்து பெரும்பாலும் வீண் செலவே.

ஒன்றுபோல் தோன்றும் இரு வண்டுகள்

பொறிவண்டுகள் எல்லாம் நல்லவை என்று பொதுவாகக் கூறிவிடுவதும் பிழையாகும். கத்தரி இலையைச் சுரண்டித் தின்று சல்லடையாக்கும் வண்டும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. இவ்விரண்டையும் பிரித்தறியும் வழி எளிது. அசுவிணியைத் தின்பதன் முதுகு மெருகிட்டது போல் பளபளக்கும். கத்தரி இலையைத் தின்பதன் முதுகில் மெல்லிய மயிர் படர்ந்திருப்பதால் மங்கிய செங்கல் நிறமாகத் தோன்றும். அதில் 12 அல்லது 28 கறும்புள்ளிகள் இருக்கும். அதன் புழு மஞ்சளாய், உடல் முழுதும் கிளைத்த முட்களோடு இலையின் அடிப்புறத்தில் ஒட்டியிருக்கும். முட்டைகளோ இரண்டிலும் மஞ்சளாய், நெருக்கமாக நிமிர்ந்து நிற்கும். ஆகையால் முட்டையைக் கண்டவுடன் அது இருக்கும் இடத்தையும் நோக்கவேண்டும். அருகே அசுவிணி இருந்தால் அம்முட்டையைத் தொடாமல் விடுக. அசுவிணியில்லாத கத்தரி இலையில் இருந்தால் இலையோடு கிள்ளி அழிக்க.

கத்தரிப் புழுவைக் கையால் பொறுக்குவோர் கவனிக்கவேண்டியது மற்றொன்றும் உண்டு. சில முட்புழுக்கள் கருகிக் காய்ந்து இலையில் ஒட்டிக் கிடக்கும். சிறுகுளவியின் குஞ்சுகள் அவற்றின் உள்ளே வளர்கின்றன. அவற்றையும் சேர்த்து எரித்துவிடுவது, விதை நெல்லை அவித்து உண்பதற்கு ஒப்பாகும்.

சிலந்தியும் குளவியும் தேரையும்

எட்டுக் கால்களையுடைய சிலந்தி பூச்சியினத்தைச் சேர்ந்ததன்று. பயிரின் இலையையோ காயையோ அது தின்பதுமில்லை. வலை பின்னும் சிலந்தியை மட்டுமே மக்கள் அறிவர். வலையின்றி ஓடிப் பிடிக்கும் சிலந்திகள் கொல்லையிலும் வயலிலும் மிகுதி. நெற்பயிரின் அடித்தூரில், தண்ணீர் மட்டத்துக்கு மேல், முதுகில் முள்கரண்டி போன்ற வெளிறிய குறியுடன் ஓடித் திரியும் ஓநாய்ச் சிலந்தி அத்தகையது. அது நாளொன்றுக்கு 5 முதல் 15 வரை தத்துப்பூச்சி முதலியவற்றைப் பிடித்துண்ணும். முட்டைப் பையைத் தன் உடலின் பின்புறத்தில் ஒட்டிக்கொண்டும், குஞ்சு பொரித்தபின் அவற்றை முதுகில் ஏற்றிக்கொண்டும் அது செல்வதை, நாற்று நட்ட சில வாரங்களில் வரப்பிலிருந்தே பார்க்கலாம். கத்தரி, வெண்டை இலைகளின்மேல் முட்கள் நிறைந்த கால்களுடன் பதுங்கியிருந்து பாயும் சிலந்தியும் இத்தகையதே.

குளவி கொட்டக் கொட்டப் புழு குளவியாகிவிடும் என்பது நாட்டில் நெடுங்காலமாக வழங்கும் நம்பிக்கை. இதனுள் பாதி உண்மை அடங்கியிருக்கிறது. திண்ணைச் சுவரில் மண்கூடு கட்டும் குளவிகளுள் சில, கொல்லையிலுள்ள புழுக்களைக் கொட்டி, உணர்விழக்கச் செய்து, உயிரோடு கூட்டினுள் அடைக்கின்றன. அங்கேயே தம் முட்டையையும் இடுகின்றன. முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சு அப்புழுவைத் தின்று வளர்ந்து குளவியாய்ப் பறக்கிறது. புழு குளவியாக மாறுவதில்லை, குளவிக்கு உணவாகிறது. வேறு சில குளவிகள் சிலந்திகளையே பிடித்து அடைப்பதும் உண்டு. எதை அடைக்கிறது என்பதை, உதிர்ந்த பழைய கூட்டை உடைத்துப் பார்த்து அறியலாம்.

தேரையின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. பருப்பில்லாத தேங்காய்க்குத் தேரையின்மேல் பழி சுமத்தப்படுகிறது. மகரந்தச் சேர்க்கைக் குறைவினாலும், மரத்துக்குப் போதிய சத்துக் கிடையாமையாலும் காய் பருப்பின்றிப் போவதை, தரையில் தத்தும் இப்பிராணிமேல் ஏற்றுவது நியாயமன்று. இரவு முழுதும் வண்டும் கறையானும் சிள்வண்டும் தின்று பகலில் ஈரமான தொட்டியடியில் உறங்குவதே அதன் தொழில். சிறுவர்கள் கல்லெறிந்து கொல்லும் ஓணானும், பார்த்தவிடமெல்லாம் அடிக்கப்படும் அரணையும், கம்பத்தின்மேல் அமர்ந்து பறக்கும் பூச்சியைப் பாய்ந்து பிடிக்கும் கரிச்சானும் இவ்வகையில் கூலி கேளாத வேலையாட்களே ஆவர்.

மருந்து யாரை முதலில் கொல்லும்?

பூச்சி மருந்து எல்லாவற்றையும் கொல்லுமாயின் இருதரத்தாரும் ஒன்றாக மடிவர், பின்பு ஒன்றாகவே பெருகுவர் என்று எண்ணலாம். அவ்வாறு நிகழ்வதில்லை. அசுவிணி ஆணின் சேர்க்கையின்றியே உயிருள்ள குட்டிகளை ஈனும். அக்குட்டிகள் வெப்பக் காலத்தில் ஏறக்குறைய ஒரு வாரத்தில் தாமும் தாயாகும். பொறிவண்டோ முட்டையிலிருந்து வண்டாவதற்கே இரண்டு மூன்று வாரங்கள் வேண்டும். தெளிப்புக்குத் தப்பிய சில அசுவிணிகள் காவலற்ற பந்தலில் ஒரு மாதத்துக்குள் பழைய அளவைக் கடந்துவிடும். திரும்பவும் மருந்து வேண்டியதாகும். கள்ளனைத் தேடிக் காவற்காரனை வெட்டிய கதையாக இது முடிகிறது.

நெல்லில் புகையான் பெருகுவதும் பெரிதும் இவ்வகையிலேயாம். புகையான் தன் முட்டைகளை இலையுறையின் திசுவுக்குள் செருகி வைக்கிறது. மேலே தெளிக்கும் மருந்து அங்கு எட்டுவதில்லை. பூச்சியும் தூரின் அடியில் இருப்பதால் பெரும்பகுதி தப்புகிறது. திறந்த வெளியில் ஓடும் சிலந்தியும், புகையானின் முட்டையை உறிஞ்சும் பச்சை மூட்டுப்பூச்சியும் மடிகின்றன. சில தினங்களில் பொரிக்கும் குஞ்சுகளுக்குத் தடையேதும் இல்லை. தழைச்சத்தையும் அளவுக்கு மீறி இட்டிருந்தால் கேட்க வேண்டுவதில்லை. இந்தோனேசியாவில் இதுவே நாட்டின் உணவுக்கு ஆபத்தாய் முடிந்தமையால், 1986-ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசாங்கம் நெற்பயிருக்கு 57 பூச்சி மருந்துகளைத் தடைசெய்தது. பின்பு விவசாயிகளை வயலிலேயே கூட்டி, பூச்சியையும் அதன் பகைவரையும் எண்ணிப் பார்க்கப் பழக்கினர். மருந்து குறைந்தது, விளைச்சல் குறையவில்லை.

பப்பாளி கற்பித்த பாடம்

தமிழ்நாட்டிலேயே கண்கூடாக நிகழ்ந்த உதாரணம் ஒன்று உண்டு. 2008-ஆம் ஆண்டில் கோயம்புத்தூர்ப் பகுதியில் பப்பாளி மரங்களில் புதிய மாவுப்பூச்சி ஒன்று காணப்பட்டது. மெக்சிகோ நாட்டைச் சேர்ந்த இப்பூச்சி விரைவில் மல்பெரி, மரவள்ளி, பருத்தி முதலிய பயிர்களுக்கும் பரவிற்று. அதன் உடலை மூடிய மெழுகுப் பொடியினால் மருந்து உள்ளே செல்லவில்லை. வாரந்தோறும் தெளித்தும் பயனின்றி, தோப்புகளை வெட்டி எறிந்தவர்களும் உண்டு.

2010-ஆம் ஆண்டில் போர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து, மிகச் சிறிய ஒட்டுண்ணிக் குளவிகள் தருவிக்கப்பட்டன. பெங்களூரிலுள்ள மத்திய அரசின் ஆராய்ச்சி நிலையத்திலும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்திலும் அவை பெருக்கப்பட்டு வயல்களில் விடப்பட்டன. சில மாதங்களுக்குள் மாவுப்பூச்சி அடங்கிற்று. குளவியை விட்டபின் அவ்விடத்தில் மருந்து தெளிக்காதிருத்தலே விவசாயிகள் செய்யவேண்டியிருந்த பெரிய உதவி. மாவுப்பூச்சியினிடையே அதைப்போலவே வெண்பொடி மூடிய ஒரு சிறு புழுவும் காணப்பட்டது. அது மாவுப்பூச்சியைத் தின்னும் ஒரு வண்ணத்துப்பூச்சியின் புழு. அறியாதவர் கண்ணுக்கு அதுவும் பகையாகவே தோன்றும்.

இது புதிய முறையுமன்று. 1928-ஆம் ஆண்டில் நீலகிரியில் வாட்டில் மரங்களில் பஞ்சுச் செதிற்பூச்சி தோன்றியபொழுது, ஆஸ்திரேலியாவைத் தாயகமாகக் கொண்ட ஒரு பொறிவண்டைத் தருவித்தே அது அடக்கப்பட்டது. அதே வண்டு அதற்கு 40 ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவில் கலிபோர்னியாவின் ஆரஞ்சுத் தோட்டங்களைக் காத்திருந்தது.

ஆட்சேபங்களும் விடையும்

இவற்றையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்க விவசாயிக்கு நேரமேது என்று கேட்கப்படலாம். வாரம் ஒருமுறை கால் மணி நேரம் போதும். ஒருமுறை தெளிப்பதற்கு ஆகும் மருந்துச் செலவையும், ஆட்கூலியையும், தண்ணீர் சுமக்கும் நேரத்தையும் இதனோடு ஒப்பிட்டால், பார்ப்பதே மலிவானதாகும்.

நன்மை செய்யும் பூச்சியை நம்பி, பயிரைப் பறிகொடுப்பதா என்பது இரண்டாவது ஆட்சேபம். இது தள்ளத்தக்கதன்று. இயற்கைப் பகைவர் எப்பொழுதும் போதுமானவர் என்று ஒருவரும் கூறார். கத்தரியின் தண்டையும் காயையும் துளைக்கும் புழுவுக்கு ஒட்டுண்ணிகள் உண்டெனினும், அவை மட்டும் பயிரைக் காப்பாற்றுவது அரிது. ஆனால் இவ்விடத்திலும் கவனித்தலே முதல் வேலையாகிறது. காய்க்குள் புகுந்துவிட்ட புழுவை மேலே தெளிக்கும் மருந்து தொடாது. வாடித் தொங்கும் கொழுந்தை வாரந்தோறும் கண்டு கிள்ளி அழிப்பதும், துளையுள்ள காயைப் பொறுக்கி அகற்றுவதும், இனக்கவர்ச்சிப் பொறி வைப்பதும் அதனினும் பயனுடையவை. சேதம் பொருளாதார அளவைக் கடந்தபின் மருந்து தெளிக்க வேண்டியதே. அப்பொழுதும் கண்ட இடத்தில் மட்டும், சிபாரிசு செய்யப்பட்ட மருந்தை, சிபாரிசு செய்யப்பட்ட அளவில், மாலை வேளையில் தெளித்தல் நலம். பூசணி, பாகல் போன்றவை காலையில் மலர்ந்து தேனீயை எதிர்பார்த்திருக்கையில் தெளிப்பது, காயையே வேண்டாமென்று சொல்வதாகும்.

செய்யத்தக்கவை

வெயில் ஏறுமுன் கொல்லையில் இறங்கி, மூலைக்கு இரண்டும் நடுவில் இரண்டுமாக 10 செடிகளைத் தேர்ந்துகொள்க. ஒவ்வொன்றிலும் மேல், நடு, கீழ் இலைகளைத் திருப்பி அடிப்புறத்தை நோக்குக. ஒரு கிளையின் கீழ் வெள்ளைக் காகிதத்தைப் பிடித்து மெல்லத் தட்டினால் ஒளிந்திருப்பவை விழும். ஒரு நோட்டுப் புத்தகத்தில் பயிரைத் தின்பவை ஒருபுறமும், அவற்றைத் தின்பவை மறுபுறமுமாக எண்ணி எழுதுக. இரண்டு மூன்று வாரக் குறிப்பை ஒப்பிட்டால், பகை ஏறுகிறதா, காவல் ஏறுகிறதா என்பது தானே விளங்கும்.

இன்னதென்று தெரியாத உயிர் கிடைத்தால் அதனைக் கொல்லவேண்டாம். கண்ணாடிப் புட்டியில் ஒரு தளிரையும் சில அசுவிணிகளையும் இட்டு, அதனையும் விட்டு, வாயில் மெல்லிய துணி கட்டி மறுநாள் பார்க்க. தளிர் குறைந்திருந்தால் பகை. அசுவிணி குறைந்திருந்தால் நட்பு. பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் பூதக்கண்ணாடி ஒன்று வீட்டில் இருத்தல் நன்று. இவ்வுயிர்களை முதலில் காண்பவர்கள் களையெடுக்கும் பெண்களேயாவர். அவர்கள் கண்டதைக் கேட்டறிவதை நிலச் சொந்தக்காரர் இழிவாக எண்ணலாகாது. வரப்பில் உளுந்தோ தட்டைப்பயறோ விதைப்பதும், வேலியோரத்தில் சில பூச்செடிகளை விட்டுவைப்பதும், மருந்து படாத ஒரு மூலையை ஒதுக்குவதும் காவலர்களுக்கு இடமளிக்கும்.

கிராம அதிகாரிகளுக்கும் இதில் பங்கு உண்டு. அடங்கலுக்காகப் பயிரைப் பார்வையிடச் செல்லும்பொழுது, பூச்சி சேதம் என்று பொதுவாக எழுதுவதோடு நில்லாமல், எப்பூச்சி, எத்தனை செடிகளில், அதனைத் தின்பவை உடன் காணப்பட்டனவா என்பதையும் வேளாண்மை அலுவலருக்குத் தெரிவித்தால், ஊர் முழுதும் ஒரே மருந்தை ஒரே நாளில் தெளிக்கும் அவசரம் குறையும். கிராம சபை கூடும் நாளில் இரு புட்டிகளை, ஒன்றில் பகையும் மற்றொன்றில் நட்புமாக, மேசைமேல் வைத்துக் காட்டினாலும் போதும். பள்ளிப் பிள்ளைகளைக் கொல்லைக்கு அழைத்துச் சென்று காட்டினால், ஓணானை அடிக்கும் கை தானே நிற்கும்.

கூலியும் கேளாமல், படியும் கேளாமல், தலைமுறை தலைமுறையாக நிலத்தைக் காத்துவரும் இவ்வேலையாட்களை அடையாளம் தெரியாமல் அழிப்பது ஒரு நிலச் சொந்தக்காரருக்குத் தகாது. தெளிப்பானைத் தோளில் ஏற்றுமுன் இலையைத் திருப்பிப் பார்க்கும் பழக்கம் ஒவ்வொரு வீட்டிலும் உண்டாதல் வேண்டும். இவ்வாண்டு அவரைப் பந்தலிலேயே இதனைத் தொடங்கலாம்.